சின்னமுட்டம் முதல் குளச்சல் வரை: விருந்தாளிகளோடு ஐந்து நாள் கடல்

முதல் நாள், சின்னமுட்டம்

இன்றைக்குப் படகை எடுக்கவில்லை. விருந்தாளிகள் வந்து இறங்கிய நாளில் கடலுக்குக் கூட்டிப்போவது கூடாது. ராத்திரி முழுக்க ரயிலில் குலுங்கி வந்த உடம்பு, தூக்கம் இல்லை, வழியில் சாப்பிட்ட பூரி வேறு வயிற்றில் கிடக்கும். அந்த நிலையில் அலையில் ஏறினால் அரைமணி நேரத்தில் குமட்டல் தொடங்கிவிடும். வந்திருப்பது ஆறு பேர். அதில் இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. நிதானமாகத் தூங்கி எழட்டும்.

குமரி மாவட்டத்துக் கடலில் ஆள் குடியிருக்கும் தீவு ஏதும் இல்லை. இருப்பவை பாறைகள்தான். கன்னியாகுமரி முனையில் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலை நிற்கும் பாறையும், கடியபட்டணத்துக்கு வெளியே ஒரு பாறைக்கூட்டம், குளச்சல் கடலுக்கு வேலி கட்டியதுபோல் நிற்கும் பாறைகள். இவற்றைக் கடல் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே மேற்கே போவதுதான் திட்டம். இந்தக் கரையைப் பற்றி முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது: ஆழக்கடலில் படகுக்குத் தொந்தரவு குறைவு, ஆபத்தெல்லாம் கரையோரத்தில். பொழிமுகம் (ஆறு கடலில் சேரும் வாய்), துறைமுக வாய், பாறையடி இந்த மூன்றும்தான் படகைக் கவிழ்க்கும் இடங்கள். விருந்தாளிகள் ஆசைப்படுவதும் இந்த மூன்றுக்கும் பக்கத்தில் போகத்தான். எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதில்தான் படகோட்டியின் வேலை முழுக்க இருக்கிறது.

படகு 28 அடி பைபர். பின்னால் 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஒன்று, உதவிக்கு 9.9 ஒன்று. உதவி இன்ஜினுக்குத் தனி டாங்க் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே டாங்கிலிருந்து குடித்தால், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் நாளில் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். பிறகு உதவி இன்ஜின் வெறும் சுமை.

எரிபொருள் கணக்கு எளிது. மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் இந்த இன்ஜின் 9 முதல் 10 லிட்டர் குடிக்கும். சின்னமுட்டத்திலிருந்து முனை சுற்றி முட்டம் வரை ஏறக்குறைய 17 கடல் மைல். இரண்டேகால் மணி நேரம், 22 லிட்டர். போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று மும்மடங்கு வைத்தால் 66 லிட்டர். 75 லிட்டர் ஏற்றியிருக்கிறோம். எதிர்க்காற்றும் எதிர் நீவாடும் (நீரோட்டமும்) சேர்ந்தால் செலவு ஒன்றரை மடங்காவது சாதாரணம்.

உயிர்காப்பு அங்கியை இன்றைக்கே கரையில் வைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. வாரை இறுக்கியபின் தோள்பட்டைப் பகுதியை இரண்டு கையாலும் மேலே இழுக்க வேண்டும். அங்கி காதுக்கு மேல் ஏறினால் அது அந்த ஆளுக்குப் பெரிது. பெரியவர்களுடையதைப் பிள்ளைகளுக்கு இறுக்கிக் கட்டி ஒப்பேற்றக் கூடாது. தண்ணீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். பிள்ளைகள் அங்கியில் கவட்டை வழியாகப் போகும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும்.

படகில் இருப்போர் பெயர்ப்பட்டியல், அடையாள அட்டை நகல், போகும் வழி, திரும்பும் நேரம் நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கடலோரக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் யாராவது இருந்தால் இதைப் பல நாள் முன்னதாகவே பேசி முடித்துவிடுவது நல்லது. மீன்பிடிப் படகென்று பதிவான வள்ளத்தில் காசு வாங்கி ஆளேற்றுவது விதிக்கு மாறானது, செய்யவே கூடாது. கைபேசியில் பதிந்து வைக்க வேண்டிய எண்கள் இரண்டு: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையிலிருந்து சில மைல் தள்ளினாலே கைபேசிக் கோபுரத்தை நம்ப முடியாது. அதனால் கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ ஒன்று, 16ஆம் அலைவரிசையில்.

இரண்டாம் நாள், முனை சுற்றி முட்டம்

வாந்தி மாத்திரையைப் படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை. புறப்பட ஒரு மணி நேரம் முன்பாவது உள்ளே போயிருக்க வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் டாக்டரிடம் அளவு கேட்டு வந்திருந்தார்கள். காலையில் இரண்டு இட்லி, ஒரு மட்டிப்பழம். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது.

ஆறு மணிக்கே எல்லோரும் தயாராக இருந்தும் வெளிச்சம் பரவும் வரை துறைமுகத்துக்குள்ளேயே காத்திருந்தோம். ராத்திரி விரித்த வலைகள் அந்த நேரத்தில் கடலில் கிடக்கும். மிதவையும் கொடியும் கண்ணுக்குத் தெரியாமல் போனால் புரொப்பெல்லரில் வலையின் நரம்பு (நைலான் இழை) சுற்றும். வலைக்கு மேல் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு மிதவைக்கு நடுவில் கயிறு தாழ்ந்து கிடக்கும் இடமாகப் பார்த்து, வேகத்தோடு வந்து, கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினைத் தூக்கிவிட்டு வழுக்கிக் கடக்கலாம். முடிந்தவரை சுற்றிப் போவதுதான் மரியாதை. அந்த வலை ஒரு குடும்பத்தின் முதலீடு.

சின்னமுட்டத்திலிருந்து வடகிழக்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். அந்தப் பக்கம் படகைத் திருப்புவதே இல்லை. தெற்கே இறங்கி முனையைச் சுற்றினோம்.

முனையில் மூன்று கடலும் மூன்று நிறமாகத் தெரியும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. படகிலிருந்து பார்த்தால் தெரிவது அலை வரும் திசை. கிழக்கே வாடைக்காற்று எழுப்பும் குட்டை அலை நெருக்கமாக, வெள்ளை நுரையோடு வரும். தென்மேற்கிலிருந்து வரும் நெடும் அலை நுரையே இல்லாமல் அகலமாக, மெதுவாகத் தூக்கி இறக்கும். இரண்டும் சேரும் இடத்தில் பாறையில் மோதித் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்ளும். அப்போது தண்ணீர் முன்னும் பின்னுமாகப் போகாமல், நின்ற இடத்திலேயே கூம்பு கூம்பாக எழும்பி விழும். அந்தக் குழம்பின கடலில்தான் வயிறு புரட்டும். அதைத் தவிர்க்க ஒரு மைலுக்கு மேல் வெளியே போய் வளைந்தோம். எல்லோரையும் படகின் நடுவுக்குச் சற்றுப் பின்னே, முகம் அணியம் (படகின் முன்பக்கம்) பார்க்க உட்கார வைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னோம். கைபேசித் திரையைப் பார்த்தவர் ஒருவர்தான் வாந்தியெடுத்தார்.

அந்தத் தூரத்திலிருந்தே வள்ளுவர் சிலை முழுசாகத் தெரியும். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1இல் திறந்தது. அதற்கும் 1970இல் திறந்த விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்கும் நடுவே, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வெயிலில் ஒரு கோடாக மின்னுகிறது. பாறைக்குப் போவது பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுகள். அவற்றின் பாதையில் குறுக்கிடாமல், பாறையை நெருங்காமல் கடக்க வேண்டும். பாறையில் ஏற விரும்புகிறவர்கள் டிக்கெட் எடுத்து அந்தப் படகிலேயே போகட்டும்.

முனை தாண்டியதும் இன்ஜின் பின்னாலிருந்து பீய்ச்சும் குளிர்நீர் மெலிந்தது. சாதாரணமாக விரல் தடிமனில் நேராக அடிக்கும். நூலாக இறங்கினால் உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும், எச்சரிக்கை மணி அடிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. இன்ஜினைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை ஒரு பால் கவர் மூடியிருந்தது. எடுத்துவிட்டு மறுபடி ஓட்டியதும் பழைய வேகம் வந்தது. சல்லடை சுத்தமாக இருந்தும் நீர் வராவிட்டால், பீய்ச்சும் துவாரத்தில் மெல்லிய கம்பி விட்டு உப்பைக் குத்தி எடுக்க வேண்டும். அதற்கும் வராவிட்டால் உள்ளே தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் போய்விட்டது என்று அர்த்தம். அதைக் கடலில் மாற்ற முடியாது. சிறிய இன்ஜினில் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மணக்குடியைக் கடக்கும்போது பொழியும், கீழ மணக்குடிக்கும் மேல மணக்குடிக்கும் நடுவே உள்ள பாலமும் தெரிந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி பழைய பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. இப்போது நிற்பது பிறகு கட்டியது. கடலிலிருந்து பொழிக்குள் நுழையலாமே என்று கேட்டார்கள். மணல்திட்டு மாசத்துக்கு மாசம் இடம் மாறும் வாய் அது. வற்றத்தில் (கடல் இறங்கும் நேரத்தில்) பழையாற்றுத் தண்ணீர் வெளியே இழுக்க, எதிரே கடல் அலை வர, அலை குத்துக்காலாக நிமிரும். ஊர்க்காரர் வள்ளம் போகிற வழி அன்றன்றைக்கு அவர்களுக்குத்தான் தெரியும். அதைப் படகுக்குள் இருந்து பார்த்து ஊகிக்கக் கூடாது.

மருந்துவாழ்மலை வலது பக்கம் பின்னே நகர, ஒன்பது மணிக்கு முட்டத்துச் செம்பாறையும் கலங்கரை விளக்கமும் வந்துவிட்டன. துறைமுகத்தில் இடத்துக்கு முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். சனி ராத்திரியில் இதைச் செய்யாமல் வரவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகமாட்டார்கள், அத்தனை படகும் உள்ளேதான் நிற்கும்.

மூன்றாம் நாள், முட்டம்

கள்ளக்கடல் எச்சரிக்கை. கடல் நிலையை முன்னறிவிக்கும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிலையம் நேற்று மாலையே அறிவித்துவிட்டது. படகு துறைமுகத்தை விட்டு நகராது.

விருந்தாளிகளுக்கு இதைப் புரியவைப்பது சிரமம். வானம் தெளிவு, காற்று இல்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. கள்ளக்கடல் வரும் விதமே அப்படித்தான். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வருகிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 15 விநாடிக்கு மேல் இடைவெளி. ஆழத்தில் படகு ஏறி இறங்குவதே தெரியாது. ஆழம் குறையும் இடத்தில், அதாவது கரையிலும் துறைமுக வாயிலும், அந்த அலை மொத்தமும் எழும்பி உடையும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அடித்துக்கொண்டு போனது இதுதான். நேற்று அந்தக் கரைக்கு நேரே வெளியே கடந்தபோது கடல் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதைப் பிள்ளைகளின் அப்பாவுக்குச் சொன்னோம். அதன்பிறகு யாரும் அவசரப்படுத்தவில்லை.

துறைமுகத்துக்குள்ளும் தண்ணீர் முன்னும் பின்னும் இழுக்கும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் கொக்கி பிய்ந்து வரும். அணியத்திலிருந்து பின்நோக்கியும் பின்பக்கமான அமரத்திலிருந்து முன்நோக்கியும் குறுக்காக இரண்டு நீளக் கயிறு கூடுதலாகப் போட்டு, எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்தினோம். கயிறு சிமெண்ட் விளிம்பில் உரசும் இடங்களில் பழைய தண்ணீர்க் குழாயைப் பிளந்து சுற்ற வேண்டும். பக்கவாட்டில் டயர்.

பகலில் வேனில் மணக்குடிக் காயலுக்குப் போய், ஊர்க்காரர் வள்ளத்தில் துடுப்புப் போட்டு அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சுற்று. அலை எட்டாத தண்ணீர், பாட்டியும் வந்தார்கள். திரும்பும் வழியில் தேரூர் குளம். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்துக்கு 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. பறவை பார்க்கக் காலை ஏழு மணிக்குள் வந்திருக்க வேண்டும், நாங்கள் போனது உச்சி வெயில்.

நான்காம் நாள், கடியபட்டணம் பாறைகள், குளச்சல்

எச்சரிக்கை விலகியபின்னும் அரை நாள் பொறுத்தே கிளம்புவது உசிதம். ஆனாலும் மாலைப் பயணம் இங்கே வேண்டாம், பதினொரு மணிக்குமேல் கடல் காற்று ஏறிவிடும். அதனால் நேற்று சாயந்திரம் வாய் அமைதியானதைப் பார்த்துவைத்து, இன்று விடிகாலையில் புறப்பட்டோம். குளச்சல் ஐந்து மைல்தான். நடுவே பாறையருகே இரண்டு மணி நேரம் தூண்டில்.

பாறைக்கருகில் நங்கூரம் போடுவது இந்தப் பயணத்தின் கடினமான வேலை. முதல் கேள்வி, பாறைக்கு எந்தப் பக்கம்? கடல் பக்கம் நின்றால் நெடும் அலை படகைப் பாறைமேல் தள்ளும். நங்கூரம் வழுக்கினால் யோசிக்க நேரமிருக்காது. கரைப்பக்கம் நின்றால், வெயில் ஏறிக் கடல்காற்று வந்தபின் வழுக்கினாலும் படகு பாறையை விட்டு விலகித்தான் போகும். ஆனால் காலை நேரத்துக் கரைக்காற்று அதே படகைப் பாறைப் பக்கமே தள்ளும். ஆகவே கரைப்பக்கம், குறைந்தது 150 மீட்டர் தள்ளி, பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டுக்கு) மேலே அல்லாமல் பாரை ஒட்டிய மணலில். ஆழம் 8 மீட்டர், தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம் 1 மீட்டர், ஆக 9. அதன் ஐந்து மடங்கு, 45 மீட்டர் விட்டோம். முதல் ஐந்து மீட்டர் சங்கிலி. சங்கிலியின் எடைதான் நங்கூரத்தைப் படுக்க வைத்து மணலில் மாட்ட வைக்கிறது. வெறும் கயிறு மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும்.

மணல் என்று நினைத்துப் போட்டாலும் கல்லில் மாட்டுவது உண்டு. அதற்கு ஒரு ஏற்பாடு: சங்கிலியை நங்கூரத்தின் மேல் வளையத்தில் பூட்டாமல் அடிப்பாகத்தில் பூட்ட வேண்டும். பிறகு சங்கிலியைத் தண்டோடு சேர்த்து மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தில் இரண்டு சுற்று மெல்லிய சணலால் கட்டிவிட வேண்டும். சாதாரணமாக இழுக்கும்போது சணல் தாங்கும். மாட்டிக்கொண்டால் கயிற்றைக் கட்டையில் சுற்றிப் படகால் இழுத்தால் சணல் அறுந்து, இழுப்பு அடிப்பாகத்துக்கு மாறி, நங்கூரம் தலைகீழாக உருவிக்கொண்டு வந்துவிடும். ராத்திரி தங்கும் இடத்தில் இது ஆகாது. படகு சுழன்று இழுத்தால் யாரும் பார்க்காத நேரத்தில் சணல் அறும். பகலில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும்.

நங்கூரம் பிடித்ததா என்று பார்க்கக் கணியம் போட்டோம். முட்டம் விளக்கமும் அதற்கு முன்னே ஒரு தென்னையும் ஒரு கோட்டில், தேவாலயக் கோபுரமும் ஒரு வீட்டு மூலையும் இன்னொரு கோட்டில். கோடு கலைந்தால் படகு நகர்கிறது. இந்த வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்தோம். தூண்டிலைவிட அதை அவள் அக்கறையாகச் செய்தாள்.

பாறையைச் சுற்றிச் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் இருப்பார்கள். தண்ணீரில் மிதக்கும் ஒரு வலைப்பையோ ரப்பர் டியூபோ மட்டும்தான் அடையாளம். ஆள் அடியில் இருப்பார். டியூபைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்தித் துடுப்பு எடுக்க வேண்டும். விருந்தாளிகளை இங்கே நீந்த விடுவதில்லை. பாறையடியில் அலை வாங்கும்போது உள்ளே இழுக்கும், சிப்பியும் பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் பிளேடுபோல் தோலைக் கிழிக்கும்.

தூண்டிலுக்கு 0.70 மி.மீ. நரம்பு, நூறு கிராம் ஈயம், இரையாகச் சாளைத் துண்டும் கணவாயும். சங்கராவும் ஒரு சிறிய கலவாவும் ஏறின. பேத்தை ஏறினால் உடனே விட்டுவிட வேண்டும், சமைத்தாலும் விஷம் போகாது. கெளுத்தி முள் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரியில், அரைமணி நேரமாவது கையை வைத்திருக்க வேண்டும். வலி அப்போதே இறங்கத் தொடங்கும். பிறகு முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். சுக்குக்காப்பி பிளாஸ்க் ஒன்று இருந்தால், வெந்நீர் பிளாஸ்க் இன்னொன்று அதற்காகவே இருக்க வேண்டும்.

காற்று ஏறுமுன் பத்தரைக்கு நங்கூரம் எடுத்தோம். மணவாளக்குறிச்சிக்கு நேரே கரை மணல் கறுத்துப் பட்டையாகத் தெரியும். இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த மணல் அது. மண்டைக்காட்டில் மாசிக் கொடைத் திருவிழா நேரம், கடற்கரை முழுக்க ஆள். கூட்டம் குளிக்கிற கரைக்கு முன்னால் நன்றாக வெளியே தள்ளிப் போக வேண்டும்.

குளச்சலுக்குள் நுழையும்போது, பாறைகள் எப்படி அலையை உடைத்து உள்ளே தண்ணீரைத் தணிக்கின்றன என்பது கண்ணுக்கு எதிரே தெரிகிறது. கப்பல்கள் இந்த இடத்தைத் தேடி வந்ததற்கும் அதுவே காரணம். 1741இல் டச்சுக்காரர்கள் இறங்கி, மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது இந்தக் கரையில். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். வெற்றித்தூண் கரையிலேயே நிற்கிறது. மீனை ஒரு வீட்டில் கொடுத்தோம். மதியம் மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த குழம்பும்.

ஐந்தாம் நாள், தேங்காய்ப்பட்டணம் வாய், மறுபடி குளச்சல்

மேற்கே ஆறரை மைலில் தேங்காய்ப்பட்டணம், குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடம். உள்ளே போய்க் கட்டி, அங்கிருந்து வேனில் ஊர் திரும்புவதாகத் திட்டம். அந்தத் துறைமுக வாயில் மணல் சேர்ந்து அலை உடைவதால் மீனவர் உயிர்களே பறிபோயிருக்கின்றன. அனுபவம் உள்ளவர்களையே கவிழ்த்த வாய்க்கு ஆறு விருந்தாளிகளோடு போகும்போது முடிவெடுக்க ஒரு முறை வேண்டும்.

முறை இது. வாய்க்கு 400 மீட்டர் வெளியே நின்று, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் அசையாமல் கவனிப்பது. அலை கூட்டமாக வரும். நாலைந்து பெரிது, பிறகு ஒரு ஓய்வு. ஓய்வு நேரத்தில் வந்து பார்த்தவனுக்கு வாய் திறந்து கிடப்பதுபோல் இருக்கும். அந்தப் 15 நிமிடத்தில் ஒருமுறையாவது அலை வாயின் குறுக்கே முழுக்க உடைந்தால் நுழையக் கூடாது. உள்ளிருந்து வரும் படகுகள் வழக்கமான வழியில் வருகின்றனவா, ஒதுங்கி வருகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்று பதினொன்றாவது நிமிடத்தில் இரண்டு அலை அடுத்தடுத்துக் குறுக்கே உடைந்தன. படகைத் திருப்பிவிட்டோம். திரும்பக் குளச்சலுக்கு எரிபொருள் போதுமா என்ற கேள்வியே எழவில்லை, முதல் நாள் போட்ட மும்மடங்குக் கணக்கு இதற்குத்தான். வேன்காரருக்குப் போன் போட்டுக் குளச்சலுக்கு வரச் சொன்னது மட்டும்தான் கூடுதல் வேலை.

கரையேறியதும் விருந்தாளிகள் குளிக்கப் போக, இன்ஜினுக்கு நல்ல தண்ணீர். சல்லடையில் தண்ணீர்க் குழாய் பொருத்திய ரப்பர் காதுகளை மாட்டிக் குழாயைத் திறந்து, நியூட்ரலில், மெது ஓட்டத்தில் 10 முதல் 15 நிமிடம். உள்ளே இருக்கும் சூடு காக்கும் வால்வு திறந்த பிறகுதான் உப்பு முழுக்க வெளியேறும், இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் பாதி உள்ளேயே தங்கிவிடும். பிறகு பெட்ரோல் பில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி அடியில் தண்ணீர் முத்து நிற்கிறதா என்று பார்த்து ஊற்றிவிட்டு, புரொப்பெல்லரை உருவி அச்சில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்தோம். ஒரு முழம் இருந்தது. அதை விட்டுவைத்தால் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை அறுத்து, கியர்பெட்டிக்குள் கடல் தண்ணீர் போகும், எண்ணெய் பால் நிறமாகும். வெட்டி எடுத்து, கிரீஸ் தடவி, புதிய பின் போட்டு மாட்டியாயிற்று. அங்கிகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டிருக்கிறோம். வெயிலில் போட்டால் துணி நைந்துவிடும்.